முதல் பிள்ளை பெறும் ஏழைப் பெண்ணின் வீட்டுக்கு நர்ஸ் போவதால் உண்மையில் பலன் உண்டா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் வசதியில்லாத பெண் முதல் தடவை கர்ப்பமானால், குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை ஒரு நர்ஸ் இலவசமாக வீடு தேடி வருகிறாராம். இதைப்போலப் பலன் தந்த திட்டமே கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள். பெரிதாக ஆய்வு செய்து பார்த்ததில் ஒன்றும் தேறவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது?"

இரண்டு தரப்பும் உண்மையான ஆய்வுகளை வைத்துத்தான் பேசுகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த நர்ஸ் வராமல் போயிருந்தால் அதே பெண்ணுக்கு வேறு என்ன உதவி கிடைத்திருக்கும் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. அதைக் கணக்கில் எடுத்தால்தான் இந்த ஆய்வுகள் புரியும். அதனால் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

திட்டத்தின் பெயர் நர்ஸ் ஃபேமிலி பார்ட்னர்ஷிப். உருவாக்கியவர் டேவிட் ஓல்ட்ஸ். 1970களின் தொடக்கத்தில் அவர் பால்டிமோர் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு பகல்நேரக் காப்பகத்தில் வேலை பார்த்தார். வருகிற குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வயதுதான் இருக்கும். ஆனால் அதற்குள்ளேயே சிலருக்குப் பாதிப்பு ஆழமாக இறங்கிவிட்டிருந்தது. சிலரது தாய் கர்ப்ப காலத்தில் குடித்திருந்தார், சிலர் வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். காப்பகத்தில் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இவர்களில் பலருக்கு இந்த உதவி தாமதமாகத்தான் வந்திருக்கிறது என்று ஓல்ட்ஸுக்குப் பட்டது. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூரி பிரான்ஃபென்பிரென்னரிடம் படித்தார். குழந்தையைத் தனியாகப் பார்க்காதீர்கள், அது வளரும் வீடு, அக்கம்பக்கம், அரசின் கொள்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்பது அந்த ஆசிரியரின் வழி.

1978இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறிய நகரில் முதல் ஆய்வு தொடங்கியது. பொருளாதார நிலையில் 1980இல் அமெரிக்க நகர்ப்பகுதிகளிலேயே கடைசி இடம் பெற்ற பகுதி அது. குழந்தைகளை அடிப்பது, கவனிக்காமல் விடுவது பற்றிய புகார்களும் அந்த மாநிலத்தில் அங்கேதான் அதிகம். முதல் குழந்தைக்காகக் காத்திருந்த 400 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் டீனேஜ் வயதினர், அல்லது திருமணமாகாதவர்கள், அல்லது ஏழைகள். குலுக்கல் முறையில் அவர்களைப் பிரித்தார்கள். சிலருக்குக் குழந்தையின் வளர்ச்சிப் பரிசோதனை மட்டும். சிலருக்கு அதோடு மருத்துவமனைக்குப் போய்வர இலவச வண்டி. சிலருக்குக் கர்ப்ப காலத்தில் மட்டும் நர்ஸ் வருகை. மீதிப் பேருக்குக் குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை நர்ஸ் வருகை. இப்படிக் குலுக்கிப் பிரித்ததால்தான், "நல்ல தாய்மார்தான் இந்த மாதிரித் திட்டத்தில் சேர்வார்கள், அதனால்தான் பலன் தெரிகிறது" என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை.

நர்ஸ் வீட்டுக்கு வந்து என்ன செய்கிறார் என்று பலருக்குத் தெரிவதில்லை. எடை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திட்டத்தின் மூல விதிப்படி, கர்ப்பத்தின் 28 வாரம் முடிவதற்குள் பெண்ணைச் சேர்க்க வேண்டும். முதல் ஒரு மாதம் வாரம் ஒருமுறை, பிறகு பிரசவம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிரசவமான புதிதில் 6 வாரம் மறுபடியும் வாரம் ஒருமுறை. அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகி, கடைசிச் சில மாதங்கள் மாதம் ஒருமுறை ஆகிறது. திட்டப்படி மொத்தம் 64 சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவர் மற்ற வேலைகளுக்கு நடுவே இதைச் செய்வதில்லை. ஒரு நர்ஸுக்கு அதிகம் போனால் 25 குடும்பங்கள்தான். எட்டு நர்ஸ்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் தவறைக் கண்டுபிடிக்க வருபவர் அல்லர். வாராவாரம் உட்கார்ந்து, மனதைக் கனக்கவைத்த சந்திப்புகளைப் பற்றிப் பேசவைப்பவர்.

கர்ப்ப காலத்தில் சாப்பாடு, சிகரெட், மது பற்றிப் பேச்சு நடக்கும். தலைவலி விடாமல் இருந்தால், முகமும் கையும் வீங்கினால் உடனே யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். குழந்தை பிறந்த பிறகு கவனம் வேறு பக்கம் போகும். இந்த அழுகை பசிக்கா, தூக்கத்துக்கா? குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு அம்மாவைப் பிடிக்கவில்லை என்றா அர்த்தம், விளையாட்டு போதும் என்றா? சுடுதண்ணீரும் மாத்திரை டப்பாவும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா? அப்புறம் அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கை: விட்ட படிப்பைத் தொடர்வதா, வேலைக்குப் போவதா, அடுத்த குழந்தை எப்போது, குழந்தையின் அப்பாவோடு உறவு எப்படி இருக்கிறது. அப்பாவையும் பாட்டியையும் கூடிய மட்டும் பேச்சில் சேர்த்துக்கொள்வார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நர்ஸ்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அணுகுமுறை. தன் வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரிந்தவள் அந்தப் பெண்தான். அவள் மனம் எதை விரும்புகிறதோ அதைப் பின்தொடர்ந்து போ. அவளிடம் இருக்கும் பலத்திலிருந்து தொடங்கு. சின்ன மாற்றம் போதும். ஏழைப் பெண்ணுக்கு அறிவுரை சொல்ல உலகத்தில் ஆள் பஞ்சமே இல்லை. மாமியார் சொல்வார், டாக்டர் சொல்வார், அரசு அதிகாரி சொல்வார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்க ஒருவர் வாராவாரம் வருவது அவளுக்குப் புது அனுபவம். 17 வயதுப் பெண் ஒருத்தி திரும்பப் பள்ளிக்கூடம் போனாள் என்றால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு பேச்சுதான் இருக்கும்.

ஏன் தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்கு மட்டும்? முதல் பிரசவத்தின்போது பயமும் ஆர்வமும் சேர்ந்திருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனநிலை இருக்கும். அப்போது கற்றது அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் உதவும். இரண்டாவது கர்ப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் படிப்புக்கும் வேலைக்கும் வழி கிடைக்கும். இந்தத் தள்ளிப்போடுதல் வழியாகத்தான் குடும்பத்தின் வருமானமும் மாறுகிறது என்பது ஓல்ட்ஸின் கணக்கு.

ஏன் நர்ஸ்? அக்கம்பக்கத்துப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் செலவு குறையுமே? நியாயமான கேள்வி. டென்வர் நகரில் 1990களின் நடுவில் இதையே சோதித்தார்கள். 735 பெண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நர்ஸ்களையும், ஒரு குழுவுக்குப் பள்ளிப் படிப்போடு நின்று பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களையும் அனுப்பினார்கள். மூன்றாவது குழுவுக்கு வீட்டு வருகை கிடையாது. குழந்தைக்கு 2 வயது ஆனபோது பார்த்தால், பணியாளர்கள் போன வீடுகளில் தெரிந்த பலன் நர்ஸ் போன வீடுகளில் தெரிந்ததில் ஏறக்குறைய பாதிதான். பல அளவைகளில் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவுக்குச் சின்னது. பாதியில் விலகிய தாய்மாரும் அங்கேதான் அதிகம். கர்ப்பிணியின் மனதில் ஓடுவது பெரும்பாலும் உடம்பைப் பற்றிய கேள்விகள். அதற்கு நம்பகமான பதில் சொல்பவரைத்தான் அடுத்த வாரமும் கதவைத் திறந்து உள்ளே விடுவாள். அதே நேரம், உள்ளூர்ப் பணியாளர்களை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. குழந்தைகளுக்கு 4 வயது ஆனபோது, அவர்கள் போய்வந்த தாய்மாரின் மனநலத்திலும் சில நல்ல மாற்றங்கள் தெரிந்தன.

சரி, எல்மைராவில் என்ன கிடைத்தது? அதிகம் பேசப்படும் எண் இது: திருமணமாகாத ஏழை டீனேஜ் தாய்மாரில், நர்ஸ் வராத குடும்பங்களில் 19 சதவீதத்தில் முதல் 2 வருடத்துக்குள் குழந்தை வதையோ புறக்கணிப்போ பதிவானது. நர்ஸ் வந்தவர்களில் 4 சதவீதம். மலைப்பான வித்தியாசம்தான். ஆனால் இது மிகச் சிறிய உட்குழு, புள்ளியியல்படி தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா முடியாதா என்ற எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவு. இதை மட்டும் எடுத்து மேடையில் காட்டுவது சரியில்லை. அதைவிட 15 வருடம் கழித்து வந்த முடிவை நான் அதிகம் மதிக்கிறேன். வராத குழுவில் தாய் ஒருவருக்குச் சராசரியாக 0.54 உறுதிசெய்யப்பட்ட வதைப் புகார்கள், 2 வயதுவரை நர்ஸ் வந்த குழுவில் 0.29. நர்ஸ் வரும் வீட்டில் கூடுதலாக ஒரு ஜோடிக் கண் இருக்கிறது, சந்தேகம் வந்தால் புகார் செய்வது அவரது சட்டக் கடமை. அப்படிப் பார்த்தால் அந்த வீடுகளில் புகார் கூடியிருக்க வேண்டும், ஆனால் குறைந்திருக்கிறது.

இதில் ஒரு எல்லையும் தெரிந்தது. கணவனோ காதலனோ அடிக்கடி அடிக்கும் வீடுகளில் இந்தப் பலன் காணாமல் போனது. தாய்க்கே பாதுகாப்பு இல்லாத இடத்தில், குழந்தையின் அழுகையைப் புரிந்துகொள்ளும் வித்தையை மட்டும் கற்றுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஆதரவாளர்கள் இந்த முடிவை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரம். அங்கே 1990இலிருந்து 1,139 பெண்களைச் சேர்த்தார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். கர்ப்ப காலத்து உயர் ரத்த அழுத்தம் 20 சதவீதத்திலிருந்து 13 சதவீதமானது. 2 வருடத்துக்குள் மறுபடி கர்ப்பமானவர்கள் 47க்குப் பதில் 36 சதவீதம். காயம்பட்டு அல்லது எதையாவது விழுங்கி மருத்துவ உதவி தேடியதும் குறைந்தது. ஆனால் குறைப்பிரசவம் குறையவில்லை, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறையவில்லை, தடுப்பூசி கூடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். குழந்தைகளுக்கான பலன் பெரும்பாலும் மனபலமும் தன்னம்பிக்கையும் குறைவாக இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம்தான் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை.

இங்கிலாந்து இந்தத் திட்டத்தை 2007இல் எடுத்துக்கொண்டது. 19 வயதுக்கு மேற்படாத 1,645 முதல்முறைத் தாய்மாரை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தி, 2015 இறுதியில் முடிவை வெளியிட்டார்கள். முக்கியமாகப் பார்த்த நான்கு விஷயங்களிலும் வித்தியாசம் இல்லை. கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் புகைபிடித்தவர்கள் இரு குழுவிலும் 56 சதவீதம். 2 வருடத்துக்குள் மறுபடி கர்ப்பமானவர்கள் இரண்டிலும் 66 சதவீதம். பிறப்பு எடையில் பேசும்படியான வேறுபாடு இல்லை. அவசர சிகிச்சைக்கோ உள்நோயாளியாகவோ குழந்தையை ஒருமுறையாவது கொண்டுபோனவர்கள் நர்ஸ் வந்த குழுவில் 81, வராத குழுவில் 77 சதவீதம். செய்தித்தாள்கள் "பலனில்லை" என்று எழுதின. பல உள்ளூராட்சிகள் திட்டத்தை நிறுத்திவிட்டன.

இங்கேதான் நிதானம் வேண்டும். இங்கிலாந்தில் "வராத குழு" என்றால் ஒன்றும் கிடைக்காத குழு இல்லை. அங்கே கர்ப்பிணி யாராக இருந்தாலும் இலவசமாக மருத்துவச்சி உண்டு, பிரசவத்துக்குப் பிறகு ஹெல்த் விசிட்டர் என்ற நர்ஸ் வீட்டுக்கு வருவார், மருத்துவமனையில் பில் கிடையாது. 1978இன் எல்மைராப் பெண்ணுக்கு இதில் எதுவும் இப்படிக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே நர்ஸ் போகிற வீட்டுக்கு இன்னொரு நர்ஸை அடிக்கடி அனுப்பினால் எவ்வளவு கூடும் என்பதைத்தான் இங்கிலாந்து சோதித்தது. மருத்துவமனைக்குப் போவது கூடினால் கெடுதல் என்று வைத்துக்கொண்டதும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. காய்ச்சலைக் கவனித்து உடனே கொண்டுபோகும் தாயையும், குழந்தை மேசையிலிருந்து விழுந்து கொண்டுபோகும் தாயையும் அந்த அளவை ஒன்றாகவே எண்ணுகிறது. அதே ஆய்வில் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி சற்று நன்றாக இருந்தது. ஆறு வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது பள்ளிக்கு ஆயத்தமாக இருப்பதிலும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. வதை குறைந்ததாக மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்து திட்டத்தைக் கைவிடவில்லை, விரிவாக்கியது.

பொது வசதிகள் நன்றாக இருக்கும் நாட்டில் இது வேலை செய்யவே செய்யாது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. நெதர்லாந்தில் 26 வயதுக்குட்பட்ட, படிப்புக் குறைந்த, பல கஷ்டங்கள் ஒருசேர இருந்த 460 பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைக்கு 3 வயது ஆவதற்குள் குழந்தைப் பாதுகாப்புத் துறையிடம் வதைப் புகார் போன குடும்பங்கள் நர்ஸ் வராத குழுவில் 19 சதவீதம், வந்த குழுவில் 11 சதவீதம். துணைவரின் வன்முறையும் குறைந்தது. இங்கிலாந்தில் வயது ஒன்றே முக்கியத் தகுதி. நெதர்லாந்தில் ஒவ்வொரு பெண்ணின் நிலையையும் விசாரித்துப் பொறுக்கினார்கள். என் பார்வையில் விடை பெரிதும் இந்தப் பொறுக்கலில் இருக்கிறது.

ஆதரவாளர்களுக்கு நிஜமான இடி அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் விழுந்தது. 2016இல் தொடங்கி 5,670 பெண்கள், இந்தத் திட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் நடந்ததிலேயே பெரிய ஆய்வு. எல்லோரும் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதியானவர்கள். 2022இல் வந்த முடிவின்படி, குறைப்பிரசவம், குறைந்த எடை, பிரசவத்தை ஒட்டிய குழந்தை மரணம் போன்ற பிரச்சினைகள் நர்ஸ் வந்த குழுவில் 26.9 சதவீதம், வராத குழுவில் 26.1. வித்தியாசம் இல்லை. இதை மழுப்பக் கூடாது. இந்தத் திட்டத்தால் குழந்தை நல்ல எடையோடு, மாதம் நிறைந்து பிறக்கும் என்று சொல்லி நிதி கேட்பதை இனி நிறுத்த வேண்டும். ஆனால் மெம்பிஸும் அன்றைக்கே இதைத்தான் சொன்னது. நாலைந்து மாதம் வீட்டுக்குப் போய்ப் பேசுவதால் குறைப்பிரசவம் குறையாது. அதன் வேர் அந்தப் பெண்ணின் பல வருட உடல்நிலை, வறுமை, இனப் பாகுபாடு ஆகியவற்றில் இருக்கிறது. அதோடு காலமும் மாறிவிட்டது. 1991இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 61.8 பிரசவங்கள். 2016இல் 20.3. எல்மைராவில் சேர்ந்த பெண்ணும் தெற்கு கரோலினாவில் சேர்ந்த பெண்ணும் சந்தித்த நிலைமை வேறு.

பணக் கணக்கிலும் இதே பாடம்தான். ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2005இல் போட்ட கணக்குப்படி, அதிகக் கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 5.70 டாலர் திரும்புகிறது. கஷ்டம் குறைந்த குடும்பங்களில் 1.26 டாலர்தான். இந்த மிச்சம் பல வருடம் கழித்து, வேறு துறைகளின் கணக்கில் வருகிறது. இன்று நர்ஸுக்குச் சம்பளம் தருவது சுகாதாரத் துறை. 12 வருடம் கழித்து மிச்சம் பிடிப்பது உதவித்தொகை தரும் துறை. அதனால்தான் தேசிய அளவில் நிதி வேண்டும் என்று போராடி, 2010இல் ஒபாமா காலத்து மருத்துவச் சட்டத்தில் வீட்டு வருகைத் திட்டங்களுக்கென 5 வருடத்துக்கு 150 கோடி டாலர் ஒதுக்கவைத்தார்கள்.

களத்தில் இருக்கும் பெரிய ஓட்டை வேறு. 64 சந்திப்பு என்பது காகிதத்தில். எல்மைராவில் நடந்தது சராசரியாகக் கர்ப்பத்தில் 9, பிறகு 23. மெம்பிஸில் 7, 26. வீடு மாறுவார்கள், வேலை நேரம் மாறும், போன் எண் மாறும். நர்ஸ் வேலையை விட்டுப் போனால் பல தாய்மாரும் அதோடு விலகிவிடுவார்கள். அந்தப் பெண் நம்பியது தன் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்த ஒருவரை. புது முகத்திடம் மறுபடி முதலிலிருந்து எல்லாம் சொல்ல யாருக்கு மனம் வரும்? நர்ஸ்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து, சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது இந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

நம் ஊர் கிராம சுகாதார செவிலியர் செய்வதும் இதுதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, பதிவேடு எல்லாம் அந்தச் செவிலியர் தலையில். 25 குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் வேலையை அவரிடம் கேட்பது அநியாயம். நர்ஸ்தான் போக வேண்டும் என்ற டென்வர் பாடத்தையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். பச்சிளம் குழந்தை மரணம் ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்ததை 1999இல் வெளியிட்டார்கள். சிகிச்சையே எட்டாத இடத்தில் நிமோனியாவையும் கிருமித் தொற்றையும் வீட்டிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்தது உயிர்களைக் காப்பாற்றியது. அங்கே குறைந்திருந்தது அதுதான், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை.

அதனால் தமிழ்நாட்டில் இதைச் செய்வதைப் பற்றி யோசிப்பவர்களுக்கு என் பதில்: ஏழைத் தாய்மார் எல்லோருக்கும் என்று தொடங்க வேண்டாம். பிரசவம் பெரும்பாலும் மருத்துவமனையில்தான் நடக்கிறது, உதவித்தொகையும் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் வழக்கமே பலருக்குப் பெரிய பாதுகாப்பு. அந்த வீடு இல்லாத பெண்களைத் தேடுங்கள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்து வாசற்படி மிதிக்க முடியாதவர்கள், 18 ஆகும் முன்பே கட்டிவைக்கப்பட்டவர்கள், செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஊர் விட்டு வந்தவர்கள், தாயை இழந்தவர்கள். அவர்களுக்கு மட்டும், ஒரு நர்ஸுக்கு 25 பேர் என்ற கணக்கு மாறாமல், ஒரே மாவட்டத்தில் குலுக்கல் முறையில் சோதித்துப் பாருங்கள். பிறப்பு எடையை முதல் அளவுகோலாக வைக்காதீர்கள். குழந்தைக்கு ஏற்படும் காயங்கள், தாயின் மனநிலை, அடுத்த கர்ப்பத்துக்கான இடைவெளி, வீட்டு வன்முறை ஆகியவற்றைக் குறைந்தது 5 வருடம் தொடர்ந்து பாருங்கள்.